வெட்டா, உடைப்பா

“சார், ஃப்ரீஸர்ல எல்லா டியூபும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. கெட்டுப்போச்சுன்னா எல்லாமே கெட்டிருக்கணும்ல?” என்று என் ஆய்வு மாணவி கேட்டபோது, என்னிடம் விடை இருந்தது. அது சரியான விடைதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதற்கு அவள் சொன்ன மறுமொழிதான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னை விடவில்லை.

கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலையில். எங்கள் கட்டடத்தில் மூன்று நாள் மின்சாரம் இல்லை; ஜெனரேட்டருக்கு இருந்த டீசல் முதல் நாளோடு தீர்ந்தது. மைனஸ் எண்பது ஃப்ரீஸரின் கதவடியில் நீர் கசிவதைப் பார்த்துவிட்டு, மீனுக்குப் போடும் ஐஸை எங்கிருந்தோ வாங்கிவந்து, தெர்மாகோல் பெட்டியில் தன் டியூப்களை அடுக்கி வைத்தவள் அவள்தான். அவை அக்டோபரில் செல்களை உடைத்து எடுத்த கரைசல்கள், லைசேட்டுகள். டிசம்பரில் அவற்றைக் கொண்டு, புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டியபோது, எதிர்பாராத ஒரு பேண்ட், அதாவது ஒரு புரதக் கோடு, தெரிந்தது. நாங்கள் சோதித்துக்கொண்டிருந்த சேர்மத்தைக் கொடுத்த செல்களின் லேன்களில் (மாதிரி ஓடும் வரிசைகளில்) மட்டும், புரத எடையின் அலகான கிலோடால்டனில் 37-க்கும் 25-க்கும் இடையில், மெல்லிய கோடாக, ஓரம் கலையாமல் நின்றது. ஃபிலிமில் அதன் பக்கத்தில் அவள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த புரதம் ஈ-கேடெரின். செல்லை அடுத்த செல்லோடு பிணைத்து வைக்கும் அந்தப் புரதத்தின் முழு எடை சுமார் 120 கிலோடால்டன். ஆடம்-10 என்னும் நொதி அதன் வெளிப்பகுதியை வெட்டினால் 38 கிலோடால்டன் துண்டு சவ்வில் எஞ்சும். காமா-செக்ரிடேஸ் அதை மேலும் வெட்டினால் 33. காஸ்பேஸ்-3 வெட்டினால் 29. முதல் இரண்டு வெட்டுகளும் செல் உயிரோடிருக்கும்போது நடக்கக்கூடியவை. அவற்றால் ஈ-கேடெரினோடு கட்டுண்டிருக்கும் பீட்டா-கேட்டெனின் என்னும் புரதம் விடுபட்டு, உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும் வாய்ப்பு உண்டு. மூன்றாவது, செல் சாகும்போது நடப்பது. அவளுடைய பேண்ட் 33-ஆ 29-ஆ என்பதை அந்த ஜெல் பிரித்துச் சொல்லவில்லை.

வகுப்பில் நான் எப்போதும் ஒரே உவமையைத்தான் சொல்வேன். பாஸ்பேட்டை ஏற்றி இறக்கும் சமிக்ஞை என்பது மடை: பலகையைத் தூக்கினால் நீர் பாயும், இறக்கினால் நிற்கும். புரதத்தை வெட்டுவது கரை உடைப்பு. உடைந்த பின் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை, புதிதாகத்தான் கட்ட வேண்டும். நீடாமங்கலம் பக்கத்துப் பெண்ணான அவள் முதல் ஆண்டிலேயே அதைத் திருத்தினாள். வயலில் வெள்ளம் நின்றால் வடிய வைக்க அவர்கள் ஊரில் கரையை வெட்டிவிடுவார்களாம். வெட்டிய இடத்தில் மண்வெட்டித் தடம் நேராக இருக்கும், உடைந்த இடம் அரித்துக் குதறிக் கிடக்கும், பார்த்தாலே தெரியும் என்றாள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போய், அடுத்த ஆண்டிலிருந்து அதையே பாடத்தில் சேர்த்துக்கொண்டேன். இரத்தம் உறையவைக்கும் த்ராம்பின் தன் ஏற்பியின் நுனியை வெட்ட, வெட்டுப்பட்டு வெளிவரும் புதிய முனையே அதே ஏற்பியின் மேல் அமர்ந்து அதைத் தூண்டுகிறது என்று 1991-இல் தெரியவந்ததை விளக்கும்போதெல்லாம், வெட்டு வேறு, உடைப்பு வேறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நான்தான், ஓரம் கலையாத அந்தக் கோட்டைப் பார்த்து “இது டீகிரடேஷன்மா, கெட்டுச் சிதைஞ்சது, விட்டுடு” என்றேன்.

நான் கொடுத்த விடை இதுதான். சேர்மம் கொடுத்த செல்களில் சில நொதிகள் ஏற்கெனவே விழித்திருக்கும். அவை லைசேட்டிலும் இருக்கும். ஃப்ரீஸர் சூடேறியபோது அந்த டியூப்களில் மட்டும் அவை வேலையைத் தொடர்ந்திருக்கும்; ஆகவே எல்லா டியூப்களும் ஒரே மாதிரி கெட வேண்டும் என்பதில்லை. அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்படின்னா, அந்த நொதி சேர்மம் கொடுத்ததாலதானே முழிச்சிச்சு? அதுவும் ஒரு சேதிதானே சார்?” என்றாள்.

“முதல்ல தீசிஸ் முடியட்டும்” என்றேன். அது அவள் கேட்டதற்குப் பதிலே இல்லை.

என் பக்கத்து நியாயம் இல்லாமலில்லை. அவளுடைய உதவித்தொகை முடிய மூன்று மாதம்தான் இருந்தது. புயலில் உருகிய மாதிரியை வைத்துக் கமிட்டி முன் நின்றால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். சந்தேகத்துக்குரிய ஒன்றைக் கண்டுபிடிப்பாக எழுதிவைத்து, பின்னால் வருகிறவர்கள் அதன் மேல் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வழிகாட்டி கடுமையாக இருக்க வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் கமிட்டியிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்த அக்டோபரில் வேதிப்பொருள்களுக்கான தொகை வந்துசேரவில்லை. நொதிகளைத் தடுக்கும் காக்டெயில் மாத்திரை வேண்டாம், பி.எம்.எஸ்.எஃப். என்னும் ஒற்றைத் தடுப்பான் மட்டும் போதும் என்று சொன்னவன் நான். அது நீரில் கலந்த சில மணி நேரத்திலேயே வலுவிழந்துவிடும் என்பதும், முக்கியமாக ஒரு வகை நொதிகளைத்தான் தடுக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஃப்ரீஸர் ஓடிக்கொண்டிருந்தால் குளிரே காப்பாற்றும் என்று நம்பினேன். ஆகவே டீகிரடேஷன் என்று நான் சொன்னபோது, பழியைப் புயலின் மேல் போட்டுவிட்டு என் சிக்கனத்தை மறைத்தேனா என்பது எனக்கே தெளிவாக இல்லை.

பிறகு தோன்றிய இன்னொன்று இதைவிட உறுத்துகிறது. செல்களை உடைக்க நாங்கள் பயன்படுத்திய லைசிஸ் பஃபரில், சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற ட்ரைட்டன் இருந்தது. காமா-செக்ரிடேஸ் சவ்வுக்குள் பல உறுப்புகள் சேர்ந்து இயங்கும் நொதி. ட்ரைட்டனில் அது செயலிழந்துவிடும். அப்படியானால், பேண்ட் 33 ஆக இருந்திருந்தால், அந்த வெட்டு டியூபுக்குள் நடந்திருக்க முடியாது. செல் உயிரோடிருந்தபோதே நடந்திருக்க வேண்டும். 29 ஆக இருந்தால் என் விளக்கத்துக்கு இடம் உண்டு, ஏனென்றால் காஸ்பேஸ்கள் லைசேட்டிலும் வெட்டும். அவள் இந்தப் பக்கத்தையும் யோசித்திருந்தாள். நாங்கள் வளர்த்த எம்.சி.எஃப்.-7 என்னும் மார்பகப் புற்றுநோய் செல்களில் செயல்படும் காஸ்பேஸ்-3 கிடையாதே என்று ஒருமுறை நினைவூட்டினாள். காஸ்பேஸ்-7 இருக்கிறது என்று சொல்லி அதையும் மூடிவிட்டேன்.

திரும்பச் செய்யாமலும் இல்லை. திரவ நைட்ரஜன் வண்டி சாய்ந்த மரங்களைத் தாண்டி வர முடியாததால் எங்கள் செல் இருப்பு முழுவதும் போய்விட்டிருந்தது. புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து புதிய குப்பி வரவழைத்து, இம்முறை காக்டெயில் மாத்திரை போட்டு, மூன்று முறை ஓட்டினோம். ஒரு முறை மங்கலாக வந்தது, இரண்டு முறை வரவில்லை. மூன்றில் ஒன்று எதற்கும் சான்றாகாது என்றேன். இல்லை என்பதற்கும் அது சான்றாகாது என்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பேண்ட் இல்லாமலேயே தீசிஸ் போயிற்று, பட்டமும் வந்தது. இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். பொங்கலுக்குப் பேசுவாள், அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

தீர்த்துவைக்கக்கூடிய சோதனை ஒன்று இருந்தது. டி.ஏ.பி.டி. என்னும் தடுப்பானைச் செல்களுக்கு முன்கூட்டியே கொடுத்தால் காமா-செக்ரிடேஸ் நின்றுவிடும். 33 மறைந்து, 38 குவியும். ஒரு வாரத்து வேலை. அன்று அதை வாங்கப் பணமில்லை என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த நிதியாண்டில் பணம் வந்தபோதும் வாங்கவில்லை என்பதற்கு என்னிடம் காரணம் இல்லை.

இப்போது வாங்கியிருக்கிறேன். சென்ற வாரம் செல் குப்பி ஒன்றை 37 டிகிரித் தண்ணீரில் உருக்கி, புதிய மாணவன் ஒருவன் தட்டில் விட்டிருக்கிறான். எதற்காக என்று அவனிடம் முழுதாகச் சொல்லவில்லை. பென்சில் குறி உள்ள ஃபிலிமை மட்டும் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவன், “நல்லா ஷார்ப்பா இருக்கே சார்” என்றான். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. 33 என்று வந்தால் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை, வராவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்குமோ என்ற நினைப்பும் பிடிக்கவில்லை. செல்கள் தட்டை நிரப்ப இன்னும் நான்கைந்து நாள் ஆகும்.