ஆர்ட்ஸ் காலேஜில் இயற்பியலா? மகளுக்குக் கல்லூரி தேர்ந்தெடுத்த அனுபவம்

மார்ச் கடைசியில் முடிவுகள் எல்லாம் வந்து சேர்ந்ததும் கும்பகோணத்துக்குப் போன் செய்தேன். என் மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பேத்திக்கு அமெரிக்காவில் கார்ல்டன், ஸ்வார்த்மோர், ரீட் என்ற மூன்று லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளிலும் இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "லிபரல் ஆர்ட்ஸ்னு சொல்றியேம்மா, அவ ஃபிசிக்ஸ்தானே படிக்கணும்னா?" என்று கேட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் நானே கேட்ட கேள்விதான் அது. நம் ஊரில் ஆர்ட்ஸ் காலேஜ் என்ற பேச்சுக்கு வேறு அர்த்தம். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பது ஏறக்குறைய இளநிலைப் படிப்பு மட்டுமே உள்ள சிறிய கல்லூரி. பெரும்பாலும் மூவாயிரம் மாணவர்களுக்கு மேல் போகாது. அங்கே இயற்பியலும் கணிதமும் வேதியியலும் முழு அளவில் உண்டு, கூடவே தத்துவமும் இசையும் படிக்கலாம். ஆர்என்ஏ பற்றிய கண்டுபிடிப்புக்காக 1989-ல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் செக் படித்தது அயோவாவின் கிரின்னெல் கல்லூரியில். 2020-ல் வேதியியல் நோபல் பெற்ற ஜெனிஃபர் டவுட்னா இளநிலை முடித்தது கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில். இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். "அப்ப சரி, லேப் நல்லா இருக்கான்னு பாத்துக்கோ" என்றார். நாங்கள் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

நான் திருச்சியில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள். எங்கள் லேபில் சோடியம் விளக்குக்கு முன்னால், அதன் மஞ்சள் ஒளியில் ஒட்டி நிற்கும் இரண்டு கோடுகளைப் பிரித்துக் காட்டும் ஒரே ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர், சுற்றிலும் நாங்கள் ஆறு பேர். ஒருத்தி ரீடிங் சொல்வாள், மற்ற ஐந்து பேரும் எழுதிக்கொள்வோம். இரண்டு வருடத்தில் அந்தக் கருவியை நான் தொட்டது நான்கோ ஐந்தோ தடவைதான். ரெக்கார்டு நோட்டு மட்டும் அழகாக இருந்தது. என் மகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் இருந்தது.

முதலில் நாங்களும் எல்லாரையும் போலத் தரவரிசையைத்தான் பார்த்தோம். அது பெரிதாக உதவவில்லை. அடுத்து, படித்தவர்களில் எத்தனை பங்கு பேர் பின்னாளில் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கினார்கள் என்று கணக்கிடும் பட்டியல்களைப் பார்த்தோம். கால்டெக், எம்ஐடி போன்ற பெயர்களோடு ஹார்வி மட், ஸ்வார்த்மோர், ரீட், கார்ல்டன் போன்ற சிறிய கல்லூரிகளும் அங்கே முன்வரிசையில் நிற்கின்றன. ஆனால் அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆராய்ச்சி ஆசை உள்ள பிள்ளைகள்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள். கல்லூரி செய்தது எவ்வளவு, பிள்ளை கொண்டுவந்தது எவ்வளவு என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

உண்மையில் உதவியது மகள் கண்டுபிடித்த ஒரு வழி. பாடத்திட்டப் புத்தகத்தில் எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பாடமும் இருக்கும். அதை மூடிவைத்துவிட்டு, கடந்த நான்கு வருடங்களில் ஒவ்வொரு பருவத்திலும் உண்மையாக என்னென்ன வகுப்புகள் நடந்தன என்ற கால அட்டவணைகளைத் தேடி எடுத்தாள். பேராசிரியர்கள் குறைவாக உள்ள துறைகளில் கடைசி வருடங்களுக்கான சில பாடங்கள் ஒன்றுவிட்டு ஒரு வருடம்தான் நடக்கும். பொதுச் சார்பியலோ புள்ளியியல் இயக்கவியலோ மூன்றாம் வருடம் தவறினால், நான்காம் வருடம் வராமலே போகலாம். அவள் பள்ளியிலேயே பல மாறிகள் கொண்ட நுண்கணிதம் வரை முடித்திருந்தாள். அதனால் இரண்டு வருடத்தில் கணிதப் பாடங்கள் தீர்ந்துவிடுமோ என்ற பயம் எங்களுக்கு நிஜமாகவே இருந்தது. முதுநிலை மாணவர்கள் இல்லை என்றால் முதுநிலைப் பாடங்களும் இல்லை. என் கணவர் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய்ந்ததற்கு இதுதான் காரணம். செலவும் பாதிக்குப் பாதி குறைவு. அவர் சொன்னதில் தப்பே இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. முதுநிலை மாணவர்கள் இல்லாத இடத்தில் பேராசிரியருக்கு ஆராய்ச்சிக்குக் கை வேண்டுமென்றால் இளநிலைப் பிள்ளைகளைத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். லேபை நடத்துவதும் அவரேதான். ரீட் கல்லூரியில் 1968 முதல் ஒரு சிறிய ஆராய்ச்சி அணு உலை இயங்குகிறது. அதை இயக்க உரிமம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் இளநிலை மாணவர்கள். இதைப் படித்த அன்று இரவு மகள் தூங்கவே இல்லை. ஆனால் ரீட் இருக்கும் போர்ட்லாண்ட் மேற்குக் கரையில், கிழக்கில் இருக்கும் எங்களுக்கு நாட்டின் மறுகரை. நிறைய யோசித்து, வருத்தத்தோடுதான் அதை விட்டோம்.

கல்லூரிகளை நேரில் பார்க்கப் போனபோது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மூன்று கேள்வி கேட்டோம். முதல் வருட மாணவி எந்தக் கருவியைத் தன் கையால் இயக்குவாள்? கோடை ஆராய்ச்சிக்குக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கவில்லை? போன வருடம் இயற்பியல் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பதிலைவிடச் சொல்லும் விதம் நிறையக் காட்டிக்கொடுத்தது. ஓர் இடத்தில் பளபளவென்று புதுக் கட்டடம், கண்ணாடிக்குப் பின்னால் விலை உயர்ந்த கருவிகள். இதை எப்போது தொடலாம் என்று மகள் கேட்டாள். "மூன்றாம் வருடத்தில் ஒருவேளை" என்றார் சுற்றிக்காட்டிய மாணவர். காரில் ஏறியதும் அந்தப் பெயரை அவளே அடித்துவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போய் ஆராய்ச்சி செய்ய, தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்இயு என்ற திட்டம் இருக்கிறது. அது குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களுக்குத்தான். என் மகள் நியூ ஜெர்சியில் பிறந்தவள், பிரச்சினை இல்லை. எங்கள் தோழி ஒருத்தியின் மகன், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறான். அவனுக்கு ஆர்இயுவும் கிடையாது, ஃபாஃப்ஸா என்ற படிவம் வழியாக வரும் அரசு உதவியும் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்லூரி தன் சொந்தப் பணத்தில் நடத்தும் கோடை ஆராய்ச்சிதான் ஆதாரம். அதனால் அதற்கு எத்தனை இடம், விசா நிபந்தனை ஏதும் உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பண விஷயம் தனிப் படலம். தங்கள் உதவித்தொகையை முடிவு செய்யக் கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவம் ஃபாஃப்ஸாவைவிட ஆழமாகத் தோண்டும். குடியிருக்கும் வீடு போக வேறு சொத்து உண்டா என்று கேட்டது. கும்பகோணம் வீட்டில் என் கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதில் மாமாவும் அத்தையும் குடியிருக்கிறார்கள், விற்கிற பேச்சே இல்லை. அதற்கு என்ன விலை போடுவது? மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்து, நியாயமாக ஒரு மதிப்புப் போட்டோம். கூடவே நிலைமையை விளக்கி ஒரு பக்கக் கடிதமும் அனுப்பினோம். ஒரு கல்லூரி அதைப் படித்துவிட்டு உதவித்தொகையைக் கூட்டியது. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கிக்கொண்டிருந்தால் அது வந்திருக்காது.

ஏப்ரலில் ஸ்வார்த்மோர், கார்ல்டன் இரண்டும் மிஞ்சின. மே 1-க்குள் டெபாசிட் கட்ட வேண்டும்.

என் மனம் ஸ்வார்த்மோரில்தான் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ரயிலில் இறங்கினால் வாசலிலேயே கல்லூரி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் பாடம் எடுக்கலாம் என்பதால் பாடம் தீர்ந்துபோகும் பயமும் இல்லை. முதல் பருவத்தில் மதிப்பெண் கணக்கில் வராது. அங்கே ஹானர்ஸ் என்ற சிறப்புப் பிரிவில் படிப்பவர்களுக்குக் கடைசியில் வெளியிலிருந்து வரும் பேராசிரியர்கள் தேர்வு வைக்கிறார்கள், 1922-ல் தொடங்கிய முறை. 'எக்ஸ்டர்னல்' வருகிறார் என்றாலே கை நடுங்கிய எனக்கு, அவரோடு உட்கார்ந்து பாடத்தைப் பற்றி விவாதிக்கிற பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே ஆசையாக இருந்தது.

கார்ல்டன் மினசோட்டாவில், மினியாபொலிஸுக்குத் தெற்கே நார்த்ஃபீல்டு என்ற சிற்றூரில். அங்கே வருடத்துக்குப் பத்து வாரப் பருவங்கள் மூன்று. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அங்கே மகள் ஒரு முதல் வருட இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்தாள். அடுத்த மேசைப் பெண், இவள் யார் என்றுகூடக் கேட்காமல், "இந்த வரைபடம் ஏன் இங்கே வளைகிறது என்று நினைக்கிறாய்?" என்று நோட்டை இவள் பக்கம் திருப்பினாளாம். இருவரும் வகுப்பு முடிந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருந்தார்கள். மாலையில் 1887-ல் கட்டிய குட்செல் வானாய்வகத்தின் வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, இங்கதான்" என்றாள்.

நான் பயணத் தூரத்தைச் சொன்னேன், பென்சில்வேனியா பாடங்களைச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தான் போட்டு வைத்திருந்த நான்கு வருட அட்டவணையை எடுத்துக் காட்டினாள். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம், எது எப்போது நடக்கும் என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசி வருடத்துக்கும் கணிதம் மிச்சமிருந்தது. அதற்கு மேல் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. ஏப்ரல் 28 இரவு டெபாசிட் கட்டினோம்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் ஒரு படம் அனுப்பினாள். இருட்டு அறை, மேசையில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர், பின்னால் மஞ்சள் வெளிச்சம். "நானும் இன்னொருத்தியும் மட்டும்தான்மா, நாலு மணி நேரமா பண்ணிட்டிருக்கோம், ரெண்டு கோடும் பிரிஞ்சு தெரியுது" என்று எழுதியிருந்தாள். அந்தப் படத்தைக் கும்பகோணத்துக்கும் அனுப்பினேன்.