குஷ்கொன்மாஸில் ஒரு மஃரிப்

இஸ்தான்புல்லின் உஸ்குதார் கரையில் இறங்குகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது படகுத்துறைக்கு எதிரே உயர்ந்து நிற்கும் மிஹ்ரிமா சுல்தான் பள்ளி. பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். கரையோரமாக இன்னும் கொஞ்சம் நடந்தால் ஷெம்ஸி பாஷா பள்ளிவாசல், தண்ணீரின் விளிம்பிலேயே.

1580இல் இதைக் கட்டியவர் ஒட்டோமான் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான். சுலைமானியா பெரும்பள்ளியில் 26 மீட்டர் அகலக் குவிமாடத்தை எழுப்பியவர், தொண்ணூறை ஒட்டிய வயதில் இங்கே எட்டு மீட்டரோடு நிறுத்திக்கொண்டார். மினாரா ஒன்றே ஒன்று. இரண்டு பக்கம் மடங்கி நிற்கும் மதரசா இப்போது நூலகம். கடல் பக்கம் மதில், அதில் கிராதிச் சன்னல்கள். கரை ஒரு திசையில் போக, தொழுகைக்கு நோக்கும் கிப்லா வேறு திசையில் இருப்பதால், பள்ளி கரைக்குக் கோணலாகத் திரும்பி நிற்கிறது. முற்றத்தின் அழகே அந்தக் கோணலில்தான் என்பேன்.

மக்கள் இதை அழைப்பது 'குஷ்கொன்மாஸ்', பறவை அமராத பள்ளி என்று. எச்சம் விழாத பள்ளி வேண்டுமென்று, இதைக் கட்டச்சொன்ன ஷெம்ஸி பாஷா கேட்டாராம். காற்றுகள் மோதிக்கொள்ளும் இடமாகப் பார்த்து சினான் தேர்ந்தாராம். கதைதான். நான் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு நிமிர்ந்தபோது குவிமாடத்தின் மேல் ஒரு கடற்காகம் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் காற்று பொய்யில்லை. தொப்பியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

உள்ளே என்னை நிறுத்தியது பாஷாவின் கப்ரு, அதாவது கல்லறை. அடக்கத்தலம் பள்ளியோடு ஒட்டியே இருக்கிறது. தொழும் இடத்துக்கும் அதற்கும் நடுவில் வெறும் கிராதிதான். மூன்று சுல்தான்களிடம் பணிபுரிந்த மனிதர், பள்ளி எழுந்த அதே ஆண்டில் இறந்துபோனார். 'அஸ்ஸலாமு அலைக்கும் யா அஹ்லல் குபூர்' என்று கப்ரில் இருப்பவருக்கான ஸலாமை மெல்லச் சொல்லிவிட்டு, தொழுகை வரிசையான ஸஃப்பில் நின்றேன்.

மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கு வந்தவர்கள் இரண்டு ஸஃப்பும் நிறையவில்லை. இமாம் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை முடித்ததும், பிறந்த ஊர்ப் பழக்கத்தில் உரக்க 'ஆமீன்' என்றேன். இதுவோ ஹனஃபி மத்ஹபைப் (சட்ட வழிமுறையை) பின்பற்றும் ஜமாஅத், எல்லோரும் மனதுக்குள் சொல்லிக்கொள்ள, அந்தச் சின்னக் குவிமாடம் என் குரலை மட்டும் எடுத்துச் சுற்றியது. காது சூடேறிவிட்டது. தொழுகையின் அடுத்த சுற்றான இரண்டாம் ரக்அத்தில் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

ஸலாம் கொடுத்ததும் பக்கத்துப் பெரியவர் கையை நீட்டினார். "ஷாஃபிஈ?" என்றார், ஆமீனை உரக்கச் சொல்லும் மத்ஹபைக் குறித்து. தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்து துருக்கியில் சொன்னதில் 'அல்லாஹ்', 'கபூல்' (ஏற்பு) இரண்டும் புரிந்தன. காயல்பட்டினத்திலும் எங்கள் துஆ 'கபூல்' என்ற அந்தச் சொல்லில்தான் முடியும்.