மேலே இன்னும் ஆள் இருக்கா?

கேட்டது, பெர்மிட் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தேடி எங்கள் கட்டுமான சைட்டுக்குச் சோதனைக்கு வந்த மலேசியக் குடிநுழைவு (இமிகிரேசன்) அதிகாரி. "ஒன்பதாவது மாடி லிப்ட் குழியில் பாருங்கள்" என்று பதில் சொன்னது நான். அந்தப் பதில்தான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதற்கு முன் செய்தவற்றில் பெரிய குழப்பமில்லை. வாசலில் இமிகிரேசன் வண்டி நிற்கிறது என்று தெரிந்ததும் சைரனை அழுத்தக் கூடாது. சைரன் கேட்டால் ஆட்கள் ஓடுவார்கள். ஓடுகிற காலுக்குச் சாரத்தின் ஓரமும் தெரியாது, தளத்தில் விட்டிருக்கும் திறப்பும் தெரியாது. வாக்கி-டாக்கியில் ஃபோர்மேன்களுக்கு மட்டும் சொல்ல வேண்டும்: வேலையை நிறுத்து, கருவியைக் கீழே வை, நின்ற இடத்திலேயே நில். மெயின் சுவிட்சையும் தொடக் கூடாது. ஆள் ஏற்றும் ஹொய்ஸ்ட் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொள்ளும், படிக்கட்டு இருண்டுவிடும், அடித்தளக் குழியில் நீர் இறைக்கும் பம்பும் நின்றுவிடும்.

கிரேனில் அப்போது தூணுக்குப் போகும் காங்கிரீட் வாளி தொங்கிக்கொண்டிருந்தது. "அப்படியே விட்டுட்டு இறங்கவா அண்ணே?" என்று கேட்டான் ஓட்டுநர். கூடாது. சுமையைத் தரையில் வைத்து, கொக்கியை மேலே ஏற்றி, கொக்கி தொங்கும் டிராலியைக் கம்பத்தருகே இழுத்து, சுழல் பிரேக்கை விடுவித்த பிறகே மின்சாரத்தை அணைக்க வேண்டும். காற்று வீசும் பக்கம் கிரேனின் கை தானாகத் திரும்பிக்கொள்ளும். பிரேக்கைப் பூட்டிவிட்டு இறங்கினால், கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலைப் புயலில் கம்பமே சாயலாம். இதற்கெல்லாம் பத்து நிமிடம், ஏணியில் இறங்க இன்னும் பத்து நிமிடம். கீழே நிற்கும் அதிகாரிக்கு அது ஆட்களைத் தப்பவிட எடுத்துக்கொள்ளும் நேரமாகத் தெரியும். அன்றும் அப்படித்தான் தெரிந்தது. இப்போதென்றால் முதல் நிமிடத்திலேயே ஒருவரை அவர் பக்கத்தில் நிறுத்தி, மேலே நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லவைப்பேன்.

தளத்துக்குப் பம்பு காங்கிரீட் ஓடிக்கொண்டிருந்தது. பம்பை எதிர்த்திசையில் ஓட்டி அழுத்தத்தை இறக்காமல் குழாய் இணைப்பைத் திறந்தால் எதிரே நிற்பவன் உயிர் போகலாம். அவசரத்தில் ஆள் செத்துப்போகிற இடம் இதுதான். ஊற்றிய தளத்தை நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. இரண்டு பீம்களுக்கு இடையில், நடு மூன்றில் ஒரு பங்கில், பலகை அடித்து விளிம்பைச் செங்குத்தாக முடிக்க வேண்டும். நாங்கள் பீமை ஒட்டி நிறுத்திவிட்டோம். மறுநாள் அதை உடைத்து எடுத்தார்கள். அது வெறும் பணநட்டம்.

இனி எண்ணிக்கை. காலையில் உள்ளே வரும் ஒவ்வொருவரும் தன் பெயர் அட்டையை வாசல் பலகையில் மாட்ட வேண்டும். தீ பிடித்தால், சாரம் சரிந்தால், உள்ளே எத்தனை பேர் என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அன்று பலகையில் 83 அட்டைகள். திடலில் உட்காரவைக்கப்பட்டவர்கள் 76 பேர்.

மிச்சம் 7 பேர் எங்கே என்று எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை, சைட்டில் ஒளிய இருக்கும் இடங்கள் அவ்வளவுதான். ஒன்பதாவது மாடி லிப்ட் குழியில், இரண்டு இரும்புக் குழாய்மேல் பிளைவுட் போட்டு, 2 பேர் நின்று காங்கிரீட் அச்சுப் பலகை கழற்றும் மேடை இருந்தது. அதில் 7 பேர். கீழே ஒன்பது மாடிப் பள்ளம்.

அதனால் சொன்னேன். அந்த மேடை உடையவில்லை. உடைந்திருக்கும் என்று இப்போதும் வாதாடலாம், கணக்குப் போட்டும் காட்டலாம். ஆனால் அதிகாரிகள் போய்ச் சேரும்வரை அரைமணி நேரம் அது தாங்கியிருக்கிறது. நம் ஃபோர்மேனை அனுப்பி, அவர்களை மெதுவாகத் தளத்துக்கு இழுத்து உட்காரவைத்திருக்கலாமே என்று கேட்டார் ஒருவர். செய்திருக்கலாம். நடுவில் அதிகாரி மேலே வந்திருந்தால் அதற்குப் பெயர் ஒளித்துவைத்தது. குடிநுழைவுச் சட்டம் 1959/63-ன் 55பி பிரிவில் அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்தாலே தலைக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். இந்தத் தொகை அந்த நொடியில் என் தலைக்குள் ஓடவில்லை என்று சொல்லத்தான் ஆசை.

7 பேரில் 3 பேரிடம் வேலை பெர்மிட் இருந்தது, ஆனால் வேறு கம்பெனிப் பெயரில். எந்த முதலாளி பெயரில் பாஸ் வந்ததோ அவரிடம்தான் வேலை செய்ய வேண்டும். துணைக் குத்தகைக்காரர் ஆளை மாற்றி அனுப்பினால் மாட்டுவது ஆள்தான். திடலில் இருந்தவர்களில் சிலருக்குத் தாள் எல்லாம் சரி, கடப்பிதழ் (பாஸ்போர்ட்) மட்டும் துணைக் குத்தகைக்காரரின் ஆபீஸ் பெட்டியில். தொழிலாளியின் கடப்பிதழை முதலாளி பூட்டிவைப்பது 1966 கடப்பிதழ் சட்டப்படி குற்றம். பெட்டிச் சாவி வந்து சேருவதற்குள் அவர்கள் லோரியில் ஏறிவிட்டார்கள்.

மறுநாள் ஒவ்வொரு மாடியையும் தண்ணீர்த் தொட்டி, குழாய்ச் சந்து உட்பட நடந்து பார்த்த பிறகுதான் வேலை தொடங்கியது. லிப்ட் குழி மேடைக்குப் பூட்டுக் கதவு வைத்தோம்.

அட்டைப் பலகை இப்போதும் வாசலில்தான் இருக்கிறது. நேற்று அதில் 54 அட்டைகள். மதியத்துக்கு உள்ளே போன சாப்பாட்டுப் பொட்டலம் 71.