அத்தையைத் தேடி வந்த போன்

2024 அக்டோபரில் ஒரு சாயங்காலம், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எங்கள் வீடு. சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், ஹாலில் லேண்ட்லைன் அடித்தது. அந்த போனை நாங்கள் இன்னும் வைத்திருப்பதே அத்தைக்காகத்தான். குத்தாலத்திலிருந்து நாத்தனார் அழைத்தால் எடுத்துப் பேச அவருக்கு அதுதான் தோது.

ஜனாதிபதித் தேர்தல் கருத்துக் கணிப்பு என்றான் ஒரு பையன், பணிவான குரல். இந்த வீட்டில் பதினெட்டு வயது நிரம்பியவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தது யாருக்கு என்று கேட்டான். புரட்டாசியில் பிறந்தவர் அத்தைதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என் மாமியாருக்கு. போன வருஷம் குடியுரிமை வாங்கினார், ஓட்டுரிமையும் இருக்கிறது. தமிழ்தான் பேசுவார், நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்" என்றேன்.

ஆங்கிலம் அல்லது ஸ்பானிஷ் தெரிந்தால்தான் பேச முடியுமாம். நடுவில் இன்னொருவர் சொல்வதை எழுதிக்கொள்ளக் கூடாதாம். அப்படியானால் நான் பதில் சொல்லட்டுமா என்றேன். அதுவும் முடியாது, விதி. நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

அத்தை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "யாரும்மா? என்னையா கேட்டாங்க?"

என்ன சொல்வது? எழுபத்தைந்து வயதில் ஒருவரை ஓர் ஊர் தேடி வந்து, பேச்சு புரியாததால் வாசலோடு திரும்பிப் போய்விட்டது என்றா?

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. பிறந்தநாள் கேட்பது நல்ல முறைதான். போனை எடுப்பவரையே கேட்டுவிட்டால், வீட்டில் இருப்பவர்களும் போன் எடுக்கப் பிரியப்படுபவர்களும் மட்டுமே கணக்கில் வருவார்கள். அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல ஒருவரை எடுக்கிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதேதான். ஆயிரம் பேரை முறையாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு நாட்டின் மனதை மூன்று சதவீதம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். ஆனால் பானையை நன்றாகக் கிளறியிருக்க வேண்டும். ஒரு பக்கம் வேகாமல் இருந்தால் எந்தச் சோறும் பதம் சொல்லாது.

இந்தத் தொழிலே பெரிதாக வளர்ந்தது எங்கள் பக்கத்து ஊரில்தான். ஜார்ஜ் காலப் 1935இல் தன் கருத்துக் கணிப்பு நிறுவனத்தைத் தொடங்கியது நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில். மறு வருஷம் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பி, திரும்பி வந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை எண்ணி, ஜனாதிபதித் தேர்தலில் லேண்டன்தான் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். பத்திரிகை பெரும்பாலும் முகவரி எடுத்தது டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்பவர்களின் பட்டியலிலிருந்தும். அந்தப் பொருளாதார மந்த காலத்தில் அவை இரண்டும் யாரிடம் இருந்திருக்கும்? அதைவிட மிகச் சிறிய கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட்தான் என்று காலப் சரியாகச் சொன்னார். அன்று போன் இல்லாதவர்கள் விட்டுப்போனார்கள். இன்று எங்கள் வீட்டில் போன் இருக்கிறது.

இருபத்தைந்து வருஷத்தில் எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. பனியில் கார் ஓட்டுகிறேன், பக்கத்து வீட்டுப் புல்வெளியில் வேட்பாளர் பெயரோடு பலகை நட்டிருந்தாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கையசைத்துப் போகக் கற்றுக்கொண்டேன். பழகிவிட்டது என்று சொல்லும்போதே மாயவரம் வந்துவிடுகிறது. தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பே சுவரில் கட்சிப் பெயரைப் போட்டு இடம் பிடிப்பார்கள். ஆட்டோவில் மைக் போகும். டீக்கடை பெஞ்சில் அப்பா ஒரு கட்சி, பெரியப்பா ஒரு கட்சி. கத்திச் சண்டை போட்டுவிட்டு ஒரே சைக்கிளில் வீட்டுக்கு வருவார்கள். அங்கே யார் மனதில் என்ன என்று தெருவே சொல்லும். இங்கே தெரு வாயைத் திறப்பதில்லை, முன்பின் தெரியாதவர் போனில் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

அன்றிரவு சாப்பாடு ஆனதும் அத்தையை மேஜையில் உட்காரவைத்து, இந்தக் கணிப்புகளில் வழக்கமாக வரும் கேள்விகளை நானே கேட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாடு போடலாமா?

அத்தை என்னை விநோதமாகப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு கேள்வின்னு கேப்பாங்களா?"

1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது வேலைக்குச் சேர்ந்த அமைப்பாளர் அவர். எத்தனையோ வருஷம் அரிசியையும் பருப்பையும் அளந்து போட்டவர். தமிழ்நாட்டில் எந்தக் கட்சி வந்தாலும் கை வைக்காத சோறு அது. இங்கே கொரோனா காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டார்கள், 2022இல் அந்தச் சலுகை முடிந்தது. இப்போது சில மாநிலங்களில் எல்லோருக்கும் உண்டு, மற்ற இடங்களில் அது கட்சிச் சண்டை. எல்லோருக்கும் வேண்டும் என்றால் உங்களை லிபரல், அதாவது தாராளவாதிகள் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

"சரி, வரி?"

"குறைக்கணும். எம் புள்ள சம்பளத்துல எவ்வளவு போகுது!"

இப்போது கன்சர்வேட்டிவ், அதாவது பழமைவாதி. எல்லை தாண்டி வருபவர்களைப் பற்றிக் கேட்டேன். இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டைக்கு மகன் வருஷக்கணக்கில் காத்திருந்ததைச் சொல்லி, வரிசையில் நின்றுதான் வர வேண்டும் என்று கறாராகச் சொன்னார். சொன்ன கையோடு, "ஆனா பச்சப் புள்ளைய தாய்கிட்டேருந்து பிரிக்கிறது பாவம்மா" என்று கண் கலங்கினார்.

கடைசியாக, உங்களை என்னவென்று சொல்வீர்கள்: பழமைவாதியா, மிதவாதியா, தாராளவாதியா?

"மிதவாதின்னா கோகலே மாதிரியா?" பள்ளிக்கூடத்தில் படித்த காங்கிரஸ் வரலாறு. இருவரும் சிரித்துவிட்டோம்.

அத்தை மட்டும் இப்படி இல்லை. 1956இல் அமெரிக்கர்களிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து மிச்சிகன் பேராசிரியர் பிலிப் கான்வர்ஸ் 1964இல் எழுதினார்: லிபரல், கன்சர்வேட்டிவ் போன்ற கொள்கைக் கோட்டை வைத்து அரசியலை யோசிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மற்றவர்களில் பலர் அத்தை மாதிரி சோற்றையும் பிள்ளையையும் சம்பளத்தையும் வைத்து யோசிப்பவர்கள். ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த ஆறுதலும் ஆங்கிலத்தில் பதில் சொன்னவர்களுக்குத்தானே?

எனக்கு ஆறவேயில்லை. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், பதினைந்து வருஷம் பச்சை அட்டையோடு இருந்தவர் என்பதால் அத்தை குடியுரிமைத் தேர்வைத் தமிழில் எழுதலாம்... எழுதவில்லை, சொன்னார். நடுவில் ஒருவர் மொழிபெயர்க்க, அரசமைப்புச் சட்டம் என்ன செய்கிறது என்று தமிழிலேயே சொல்லித் தேறினார். அரசாங்கத்துக்குப் போதுமான தமிழ், அந்த போனுக்குப் போதவில்லை.

நவம்பர் 5 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்ததும், பழக்கத்தில் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டார். மை இல்லை. ஓட்டுப் போட்டதற்குக் கொடுத்த ஸ்டிக்கரை வீட்டுக்கு வந்து நாள்காட்டியில் ஒட்டினார். 2020இல் நியூ ஜெர்சியில் பைடன் பதினாறு சதவீத வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார், இம்முறை அவர் கட்சியின் கமலா ஹாரிஸின் வித்தியாசம் ஆறு சதவீதத்துக்குள் சுருங்கியது. டிவிக்காரர்கள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க யாருக்குப் போட்டீங்க அத்தை?"

"அத உங்கிட்ட சொல்லுவனா? அந்தத் தம்பி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."