பின்காற்றில் வீச்சு வரும்போது

காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு ஓடும் சிறிய பந்தயக் கேட்டமரானை, அதாவது இரட்டை மிதவைப் பாய்மரப் படகை, திடீர்க் காற்று வீச்சு தாக்கும்போது, எதிர்காற்றில் பழகிய கை படகைக் காற்று வரும் பக்கமே திருப்பப் பார்க்கும். பின்காற்றில் அந்தத் திருப்பம்தான் படகைக் கவிழ்க்கிறது. திருப்பத்தின் விசையும் பாயின் சாய்க்கும் விசையும் ஒரே பக்கமாகச் சேர்ந்து, தாழ்ந்த பக்கத்து மிதவையை நீருக்குள் அழுத்திவிடுகின்றன. ஆகவே காற்று போகும் பக்கமாகவே மெல்லத் திருப்ப வேண்டும்.

இதற்கான காரணம் படகு உணரும் காற்றில், அதாவது உண்மைக் காற்றும் படகின் ஓட்டத்தால் எதிரே வரும் காற்றும் சேர்ந்ததில், இருக்கிறது. 14 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) காற்றில், அது போகும் திசைக்கு 45 பாகை விலகிப் படகு 10 நாட் வேகத்தில் ஓடினால், படகிலிருப்பவர் உணரும் காற்று ஏறத்தாழ நேர் பக்கவாட்டில் வரும். ஹோபி 16 என்ற கேட்டமரான் வகையை ஓட்டுபவர்கள் முன்புறத்துக் காற்றுகாட்டியைப் படகுக்குச் செங்குத்தாக வைத்துக்கொள்வது இதற்காகத்தான். காற்று 20 நாட்டுக்கு ஏறிய கணத்தில், படகின் வேகம் இன்னும் கூடாததால், உணரும் காற்று சுமார் 16 பாகை பின்னால் நகர்கிறது. படகு 14 நாட் வேகத்தை எட்டும்போதுதான் அது பழைய இடத்துக்குத் திரும்புகிறது. ஆபத்தெல்லாம் அந்த இடைவெளியில்தான். மெல்லிய முன்முனைகளுக்கு மிதக்கும் திறன் குறைவு. அவை நீரில் குத்திக்கொண்டால் படகு சட்டென நின்று, பின்புறம் தலைக்குமேல் எழும்பிக் குட்டிக்கரணம் அடித்துவிடும்.

இதனால் படகிலிருக்கும் இருவரும் பின்னால் நகர்வது வீச்சு வருவதற்கு முன்பே நடந்தாக வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு வளர்ந்த உடுமலை, பொள்ளாச்சிக்காரர்களுக்கு இந்த முன்னறிவு எளிதில் வரும் என்று உறுதியாக நம்புகிறேன். தோப்பின் மறுகோடியில் ஓலைகள் சாயத் தொடங்கி, அந்தச் சாய்வு நம்மை நோக்கி வருவதைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு, நீர்ப்பரப்பில் கருத்துச் சிலிர்த்தபடி நெருங்கும் பட்டை உடனே புலப்படும்.

பின்காற்றுக்கான முன்பாயாகிய ஸ்பின்னேக்கர் விரித்திருக்கையில் முனை தாழ்ந்தால் அதன் கயிற்றைத் தளர்த்தலாம். பெரிய பாயின் கயிற்றை முழுவதும் விட்டுவிடக் கூடாது. பின்தாங்கு கம்பியற்ற பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடித்திருப்பது அதுதான். வீச்சு ஓய்ந்ததும் உணரும் காற்று முன்னால் நகரும். அப்போது எடையை முன்னே கொண்டுவந்து, வேகம் செத்துப்போகாமல் படகைச் சற்றே காற்று வரும் பக்கம் திருப்ப வேண்டும்.

பாயை மறுபக்கம் மாற்ற வேண்டியிருந்தால், பயந்து வேகம் குறையும்வரை காத்திருக்காதீர்கள். படகு மிக விரைவாக ஓடும்போதுதான் பாயின்மீது விழும் காற்று மிகக் குறைவு.