கழுத்துக் கருப்பு அழுக்கல்ல

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி என்று எந்தக் கடலோரப் பள்ளியானாலும், பிள்ளைகளின் உடல் பருமனைப் பார்க்கும் பரிசோதனை நாளில் எடை மெஷினை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதிக் காரியம் கெட்டுவிடுகிறது. வகுப்பு வாசலில் வைத்து ஒருவர் கிலோவைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுத, வரிசையில் நிற்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்று கேலிக்கு ஆளான பிள்ளை அடுத்த பரிசோதனை நாளில் லீவு போட்டுவிடும். தனி அறை, ஒருவர் பின் ஒருவர், எண் அளப்பவர் கண்ணுக்கு மட்டும். மெஷின் ஜமுக்காளத்தில் நின்றால் எடை தப்பும். சிமெண்ட் தரைதான் சரி. உயரத்துக்குச் செருப்பைக் கழற்றி, குதிகால், பிட்டம், தோள், பின்தலை சுவரில் படும்படி நிறுத்த வேண்டும். உச்சந்தலையில் உயர்ந்து நிற்கும் கொண்டையோ ரிப்பனோ உயரத்தைக் கூட்டிக் காட்டி, பருமனை மறைத்துவிடும்.

10 வயதுச் சிறுமி, 140 செ.மீ., 42 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோவை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்தால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 21.4. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி அந்த வயதுப் பெண்பிள்ளைக்கு 19க்கு மேல் அதிக எடை, 22.6க்கு மேல் உடல் பருமன். பெரியவர்களுக்கான 25ஐ வைத்துப் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. இதே பிள்ளை ஓராண்டில் 6 செ.மீ. வளர்ந்து, எடை 42இலேயே நின்றால் பி.எம்.ஐ. 19.7 ஆகும், 11 வயதில் அதிக எடைக்கான எல்லை 19.9. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் தாயின் முகம் தெளியும். இந்த அளவில் இருக்கிற பிள்ளை இளைக்க வேண்டாம், ஏறாமல் நின்றால் போதும்.

அந்தத் தெளிவு அவளுக்கு மிகவும் தேவை. கொழுகொழுவென்று கொஞ்சித் திருஷ்டிப் பொட்டு வைத்த ஊரே, பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் ‘என்னத்தப் போட்டு வளக்குற?’ என்று கேட்கிறது. தகப்பன் கடலில் இருப்பார், அல்லது வளைகுடாவில். ஊட்டுவது ஆச்சி. பழி மட்டும் தாய் தலையில். எனவே பேச வேண்டியது ஆச்சியையும் உட்காரவைத்துத்தான். பிள்ளை கையில் சீட்டெழுதிக் கொடுத்தனுப்பினால் அது வீடு போய்ச் சேராது.

எங்களை மிகவும் வருத்துவது கழுத்து. பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்திருப்பதை அழுக்கென்று நினைத்து, நாரும் சோப்பும் போட்டுத் தோல் சிவக்கத் தேய்க்கிறார்கள். பள்ளியிலும் ‘குளிச்சியா?’ என்று கேட்டு நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் அது இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தேய்த்தால் போகாது, புண்தான் ஆகும். வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். எடை கட்டுப்பட்டால் கருப்பு மெல்ல மங்கும்.

சாப்பாட்டில், பருமனான பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வைக்கிற வீட்டில் அது ஒளித்துத் தின்னப் பழகும். மாற்றம் எல்லார் தட்டிலும் வர வேண்டும். மீனைக் குறைக்கச் சொல்லவே கூடாது. சூடையும் சாளையும் குழம்பில் இருக்கட்டும், எண்ணெயில் மிதக்கிற பொரியல் வாரத்தில் ஒருநாள் போதும். முதலில் நிறுத்த வேண்டியது கலர் எனப்படும் பாட்டில் குளிர்பானம். 200 மி.லி. பாட்டிலில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை, அதாவது நாலைந்து டீஸ்பூன். நிலத்தடி நீர் உப்பாகி, குடிநீரைக் குடக்கணக்கில் வாங்குகிற தெருக்களில் தாகத்துக்குக் கலர் குடிப்பது எளிதில் பழக்கமாகிவிடும். பிள்ளை பையில் வீட்டுத் தண்ணீர் பாட்டில் தினமும் இருக்க வேண்டும். நாளுக்கு 60 நிமிடம் ஓடியாட வேண்டும். வயதுக்கு வந்த பிள்ளையைத் தெருவில் விடாத வீட்டில் மொட்டைமாடியும் ஸ்கிப்பிங் கயிறும் உதவும்.

பருமனோடு உயரமும் வயதுக்குக் குறைவாக இருந்தால் இந்த யோசனைகளோடு நிறுத்தக் கூடாது. சாப்பாட்டால் பருத்த பிள்ளை பொதுவாகச் சற்று உயரமாகவே இருக்கும். குட்டையாக இருந்தால் தைராய்டு முதலான சுரப்பிக் கோளாறு உண்டா, ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிடுகிறதா என்று பார்க்க, இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் சீட்டில் ‘குண்டு’ என்றோ ‘அதிகம் தின்கிறது’ என்றோ எழுத வேண்டாம். வயது, உயரம், எடை, பி.எம்.ஐ., கழுத்துக் கருப்பு உண்டா இல்லையா, இவை போதும்.