தாம்பரம் பக்கம் வீடு தேடிய நாட்குறிப்பு

ஜூலை 7, 2024, ஞாயிறு

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். எல்லா வீட்டுக்காரர்களும் பில்டரிடம் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆகஸ்ட் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இதே தெருவில் வேறு வீடு பார்க்கலாம் என்றால், இரண்டு பெட்ரூமுக்கு இருபத்தெட்டாயிரம் சொல்கிறார்கள். எங்களால் முடிந்தது பதினாறு, மிஞ்சிப் போனால் பதினெட்டு.

அதனால் தாம்பரம் பக்கம் போவது என்று முடிவு. காரணம் ரயில்தான். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. இவருக்கு கிண்டியில் வேலை, பெண்ணுக்கு மாம்பலத்தில் பள்ளிக்கூடம். ரெண்டும் ஒரே தடத்தில் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பு நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற எனக்கு மனமில்லை.

அத்தைக்கு முழங்கால் வலி. "தரைத்தளமா பாரும்மா, அது போதும் எனக்கு" என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

ஜூலை 14, ஞாயிறு

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தரைத்தள வீடு. பதினைந்தாயிரம் வாடகை, புது பெயின்ட், அகலமான சமையலறை. அத்தையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஹாலில் பிளக் பாயின்ட் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. ஃபிரிட்ஜ் வைக்கும் இடத்திலும் அப்படித்தான். கீழே பழைய பெட்டி இருந்த இடத்தைச் சிமென்ட் வைத்துப் பூசி, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். விரலால் தடவினால் சதுரம் தெரிந்தது. பெட்ரூம் கதவின் அடிப்பக்கம் உப்பி, ஒட்டுப்பலகை இதழ் இதழாகப் பிரிந்திருந்தது. பின்பக்கம் மோட்டார் ஸ்விட்ச் போர்டை மாடிப்படியின் பாதி உயரத்துக்கு ஏற்றியிருந்தார்கள்.

"மழைக்குத் தண்ணி வருமா சார்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "தெருவுல கொஞ்சம் நிக்கும், உடனே வடிஞ்சிடும்மா" என்றார். யாரும் தெருவில் நிற்கும் தண்ணீருக்காக ஹாலில் பிளக்கைத் தோள் உயரத்துக்கு ஏற்ற மாட்டார்கள்.

இந்தப் பகுதியில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு மேல் ஏரி. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும், கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தேடிப் போகும். நடுவில் நாம் வீடு கட்டியிருக்கிறோம். தண்ணீர் தன் பழைய வழியில்தான் வருகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தத் தென்பகுதி பட்ட பாடு மறக்கக் கூடியதா?

வீடு திரும்பும்போது அத்தை ஒன்றும் பேசவில்லை. அவருக்குத் தரைத்தளம்தான் தோது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் அவரை எப்படித் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவோம்?

ஜூலை 16, செவ்வாய்

மின்கட்டணம் 4.83 சதவீதம் ஏறியிருக்கிறது, ஜூலை 1 முதலே கணக்காம். வீடு பார்க்கும்போது தனி மீட்டர் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். நேற்று போனில் பேசிய ஒருவர், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்றார். அப்படிக் கொடுத்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட் நம் கைக்கு வராமலே போய்விடும்.

ஜூலை 21, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள். அதனால் டு-லெட் போர்டுகள் அப்படியே தொங்குகின்றன. வீடு தேட இதைவிட நல்ல மாதம் கிடையாது. வீட்டுக்காரர்கள் நின்று பேசுகிறார்கள், வாடகையும் கொஞ்சம் இறங்குகிறது.

இன்று மேடவாக்கத்தில் பார்த்த வீடு நன்றாகத்தான் இருந்தது, லிஃப்டும் உண்டு. அந்த அம்மா முதலில் எந்த ஊர் என்றார். சொன்னேன். பூர்வீகம் அங்கேயேவா என்றார். அப்புறம் என்ன சாப்பிடுவோம், குலதெய்வம் எது, அத்தை வீட்டுப் பக்கம் யார் யார். எதைக் கேட்கிறார் என்பது மூன்றாவது கேள்வியிலேயே புரிந்துவிட்டது. என் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "வாடகை மாசம் அஞ்சாந்தேதிக்குள்ள வந்துடும்மா, அதுக்கு மேல சொல்ல எங்ககிட்ட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டோம். சம்பளச் சீட்டு கேட்கட்டும், ஆதார் கேட்கட்டும், பழைய வீட்டுக்காரரிடம் விசாரிக்கட்டும். எல்லாம் அவர்கள் உரிமை. இது உரிமை இல்லை. பதினாலு வயதுப் பெண் முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சமே இல்லாத மனிதர்களின் வீடு எனக்கு வேண்டாம்.

ஜூலை 27, சனி

செம்பாக்கத்தில் ஒரு வீடு. கீழே முழுக்க வண்டி நிறுத்தும் இடம், நாங்கள் பார்த்தது முதல் மாடி. லிஃப்ட் இல்லை. ஆனால் படி உயரம் குறைவு, இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் உட்கார்ந்து போக அகலமான திருப்பம். வாடகை பதினாறாயிரத்து ஐந்நூறு, பராமரிப்பு தனி.

வீட்டுக்குள் போவதற்கு முன் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் பேசினேன். போன டிசம்பரில் எங்கே வரைக்கும் வந்தது என்று கேட்டதும், வண்டியை விட்டு எழுந்து வந்து காட்டினார். "இந்த மரம் வரைக்கும் முட்டி அளவு. அந்த பச்சை கேட்டுல படி தாண்டல. நீங்க சொல்ற பில்டிங் மேடு, வண்டி மட்டும் நனைஞ்சுது." புரோக்கர் சொன்னதைவிட அந்த ஐந்து நிமிடப் பேச்சு எனக்குப் பெரிசு. யாராவது இந்தப் பக்கம் வீடு பார்த்தால் தயவுசெய்து இஸ்திரிக்காரர், பால் போடுபவர், மளிகைக் கடைக்காரர் மூன்று பேரிடம் கேளுங்கள். அவர்களுக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

அடுத்தது வீட்டுக்கு வேண்டிய தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு நகரமே குடத்தோடு நின்றதைப் பார்த்தவள் நான். எத்தனை மாதம் லாரி வாங்குகிறீர்கள் என்று எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். "ஏப்ரல், மே, ஜூன். பன்னெண்டாயிரம் லிட்டர் லாரி, ஆறு வீட்டுக்கும் பங்கு" என்றார். போர் தண்ணீரை டம்ளரில் பிடித்து டிடிஎஸ் மீட்டரை (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) வைத்தேன், 910 காட்டியது. குடிக்க 500க்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. குளிக்க, துவைக்க இது சரி. குடிக்க கேன்தான்.

அத்தை கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினார். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். மேலே போய் பால்கனியில் பார்த்துவிட்டு, "காத்து வருது" என்றார்.

ஜூலை 28, ஞாயிறு

செம்பாக்கம் வீட்டுக்காரரோடு பேரம். அட்வான்ஸ் ஆறு மாத வாடகை கேட்டார். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது அது. இவர் இதைத் தன்மையாகச் சொன்னார். வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்து, நாலு மாதம் என்றார். சட்டத்தைச் சொல்லியும் நாலில்தான் நின்றது. ஆனாலும் முப்பத்து மூவாயிரம் மிச்சம். பெண்ணின் அடுத்த வருட பீஸுக்கு ஆகும்.

அடுத்து பெயின்டிங். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்ட் செலவுக்குப் பிடித்துக்கொள்வது சென்னைப் பக்கத்து வழக்கம். அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் வீட்டுக்காரர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைதான் குடியிருப்பவருக்கு. இதில் அவர் அசையவில்லை. கடைசியில், மூன்று வருடம் இருந்தால் பிடித்தம் கிடையாது, அதற்கு முன் போனால் பாதி என்று பேசி முடித்தோம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஆடியாக இருந்தாலும் இன்று நல்ல காரியம் செய்யலாம் என்று அத்தையே சொல்லி, பத்தாயிரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. வாடகை ஆவணியில் குடி போகும் நாளிலிருந்துதான். இதற்கு அவர் சட்டென்று ஒத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் ஆடி பார்ப்பார்களாம்.

ஆகஸ்ட் 10, சனி

ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தானது. பதினோரு மாதம். வழக்கமான வாசகத்தோடு நான் சில வரிகள் சேர்க்கச் சொன்னேன்: மின்சாரத்துக்குத் தனி மீட்டர், லாரித் தண்ணீருக்கு ஆறில் ஒரு பங்கு, பெயின்ட் பற்றிப் பேசியது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப. பத்திரம் எழுதுபவர், "இதெல்லாம் யாரும் போடறதில்லையே மேடம்" என்றார். போடுங்கள் என்றேன். போட்டார்.

ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது, பதிந்தால் எண் தருவார்கள். பலர் இதைச் செய்வதில்லை. நாளைக்குத் தகராறு என்று வந்தால் கையில் இருக்கும் பிடி அந்த எண்தான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். உங்களுக்கும் அது பாதுகாப்புதானே என்றதும் ஆதார் நகலை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் பால் காய்ச்சினோம். எதிர்வீட்டு அக்காவுக்கும் இஸ்திரிக்காரருக்கும் ஒரு டம்ளர். மீட்டர் ரீடிங், பாத்ரூம் ஓடு விரிசல், சமையலறை ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பியாயிற்று. பதிவு எண் இன்னும் வரவில்லை. சிலிண்டர் முகவரி மாற்றவேண்டும். சாமான் வண்டி சனிக்கிழமை வருகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஸ்கூட்டரை ஏற்றி வைக்கக் கீழே ஒரு மேடு கட்டலாமா என்று மற்ற ஐந்து வீட்டாரிடமும் பேச வேண்டும்.